இரண்டாம் இழுப்பறை

ஈசூன் பேருந்து முனையத்தில்
தொலைந்த பொருள்களுக்கென்று ஒரு ஜன்னல்.
அதற்குப் பின்னால் நான்.
குடைகள் மூலையில்,
யாருடையதோ பல்செட் ஓர் உறையில்,
கைத்தொலைபேசிகள் இரண்டாம் இழுப்பறையில்.

எட்டு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக விழிக்கும்.
கெட்டிமேளம் கொட்டும்,
யார் கழுத்திலும் எதுவும் ஏறாமல்
தானே நின்றுபோகும்.
ஒரு குழந்தை சிரிக்கும்,
சரியாக ஒன்பது நொடி.
"எடுடா, டேய் எடுடா" என்று எவனோ
தன் குரலாலேயே தன்னைத் திட்டிப் பதிந்திருப்பான்.
வாங்கிய நாளில் இருந்ததை
அப்படியே விட்டவர்கள்தான் அதிகம்.
அது அடித்தால்
வரிசையில் நிற்கும் ஐந்து பேர்
தத்தம் பையைத் தடவுவார்கள்.

எடுக்கலாம், முனையத்தின் பெயரைச் சொல்லலாம்,
கதை கேட்கக் கூடாது.
இது மேலாளர் திரு கோவின் விதி.
ரோஸ்னாவின் விதி வேறு:
திரையில் வங்கி என்றால் அடிக்கட்டும்.
அம்மா என்றால், மாக் என்றால்,
இரண்டாம் மணிக்குள் எடு.
பெயரில்லாமல் வெறும் இதயப் படம் என்றால்
நீ எடுக்காதே கஸ்தூரி,
பெண்குரல் கேட்டு ஒரு வீடு தீப்பிடிக்கும்.

உரியவர்தான் என்று எப்படி நம்ப?
அடையாள அட்டையில் மணியோசை எழுதியிருப்பதில்லை.
அதனால் கேட்பேன்,
"உங்க ஃபோன் எப்படி அடிக்கும்?"

டை கட்டிய ஒருவர்
பின்னால் திரும்பிப் பார்த்தார்,
ஜன்னலுக்குள் குனிந்தார்,
மெல்ல, மிக மெல்ல,
தவளைபோல் கத்தினார்.
நான் சிரிக்கவில்லை.
சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

சீன அங்கிள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு
முழுப் பாட்டையும் முனகினார்.
முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது அவருடையதுதானென்று.
போதும் என்று சொல்வது முறையா தெரியாமல்
கேட்டுக்கொண்டிருந்தேன்.
பின்னால் நின்றவர்களும்.

நேற்று வந்தவள் நித்திலா.
தாதி உடுப்பு, இரவு வேலை முடிந்த கண்கள்.
"என்னோடது அடிக்காதுக்கா. எப்பவும் சைலன்ட்."
அதிருமா?
"அதுவும் இல்ல.
ஒரு தடவை, பதினாலாம் படுக்கைக்காரர்
போய்க்கொண்டிருந்த நேரம்,
என் பையில டப்பாங்குத்து அடிச்சிருச்சு.
அவர் மகன் என்னைப் பார்த்தார்.
திட்டல.
திட்டியிருக்கலாம்."

அடிக்காததை எப்படிச் சரிபார்ப்பது?
எண்ணைச் சொன்னாள்.
என் ஃபோனிலிருந்து அழைத்தேன்.
இழுப்பறையைத் திறந்தால்
பதினோரு கறுப்பு முகங்கள்.
ஒன்றில் மட்டும் வெளிச்சம்,
சத்தமே இல்லாமல்
கையைத் தூக்கும் பிள்ளை மாதிரி.
இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்,
அணையும்வரை.
கையெழுத்துப் போட்டாள், போனாள்.

சாயங்காலப் பேருந்து. மேல்தளம். நல்ல கூட்டம்.
பக்கத்தில் ஒரு பையன்
கணக்குப் புத்தகத்தின்மேல் தூங்கிக்கொண்டிருந்தான்.
அப்போது அடித்தது என்னுடையது.
ஊரையெல்லாம் கேட்கிறவள்
தன்னுடையதைக் குறைத்துவைக்க மறந்திருந்தேன்.
பையன் திடுக்கிட்டான், பென்சில் உருண்டது,
மூன்று வரிசைக்கு முன்னால் ஒரு தலை திரும்பியது.
அது எப்படி அடிக்கும் என்று
உங்களிடம் சொல்ல மாட்டேன்.

வாயைக் கையால் மூடிக்கொண்டு எடுத்தேன்.
"ஹலோ, இந்த நம்பர்லேருந்து
ஒரு மிஸ்டு கால் இருந்துச்சு..."
நான்தாம்மா, முனையத்து அக்கா.
காலையில.
"ஓ" என்றாள். "ஓ, ஆமால்ல."
வேறொன்றும் பேச இல்லை.
உடனே வைத்தால் நன்றாயிருக்காது என்று
அவளும் நினைத்திருப்பாள் போல.
அவள் பக்கம் ஏதோ குக்கர் விசிலடித்தது.
"ரெண்டு" என்றாள்,
என்னிடமா, அடுப்பிடமா தெரியவில்லை.
மூன்றாவதுக்குக் காத்திருந்தோம்.